ஒரு பழைய நீர்மூழ்கியின் பணி வரலாற்றை எழுதுவது எப்படி? ஹாலந்து 1-ஐ வைத்து ஒரு பயிற்சி

அக்கா மகன் மன்னார்குடியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் ஒரு தாளோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். பள்ளியில் ஆளுக்கு ஒரு பழைய இயந்திரத்தைக் கொடுத்து அதன் வரலாற்றை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். இவனுக்கு வந்தது பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ஹாலந்து 1. தாளில் மூன்றே வரி இருந்தது: 1901-ல் தண்ணீரில் இறக்கினார்கள், 1913-ல் மூழ்கியது, 1982-ல் வெளியே எடுத்தார்கள். "இவ்வளவுதான் மாமா கிடைச்சுது, அது ஒரு சண்டை கூடப் போடலை" என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அந்தப் படகில் ஆட்கள் ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஒரு நாள் உள்ளேயே வெடித்து நான்கு பேர் காயப்பட்டிருக்கிறார்கள், இன்னொரு நாள் ஒரு பெரிய கப்பற்படையைத் தாக்க அனுப்பப்பட்டுக் கடைசி நேரத்தில் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறார்கள். சண்டை போடாவிட்டால் வரலாறு இல்லை என்று ஒரு பையன் நினைத்துவிடக் கூடாது. ஒரு கப்பலின் பணி என்பது அதன் எல்லா நாளும்தான், வெறுமனே கரையில் கட்டிக் கிடந்த நாளும் சேர்த்து. அன்று சாயங்காலம் தொடங்கி ஒரு வாரம் அவனும் நானும் செய்த வேலையை இங்கே எழுதுகிறேன். வேறு எந்தப் பழைய நீர்மூழ்கியை எடுத்தாலும் இதே வழி பொருந்தும், வீட்டில் இணையமும் ஒரு கோடு போட்ட நோட்டும் இருந்தால் போதும்.

எந்தக் கப்பல் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

இதைச் செய்யாமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நம் பக்கத்தில் ஒருவன் எதற்கும் அஞ்சாதவனாக இருந்தால் "அவன் எம்டன்" என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை நீர்மூழ்கி என்றே நினைத்திருக்கிறார்கள். எம்டன் தண்ணீருக்கு மேல் ஓடிய போர்க்கப்பல், நீர்மூழ்கியே கிடையாது. திடீரென்று வந்து அடித்துவிட்டு மறைந்ததால் மனதில் அப்படிப் பதிந்துவிட்டது.

ஹாலந்து என்ற பெயரிலும் இதே சிக்கல் உண்டு. அது ஒரு நாட்டின் பெயராகத் தெரியும், ஆனால் இங்கே அது ஜான் பிலிப் ஹாலந்து என்ற ஆளின் பெயர். 1841-ல் அயர்லாந்தில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1873-ல் அமெரிக்கா போனவர். அவர் வடிவமைத்த ஒரு படகை அமெரிக்கக் கடற்படை 1900 ஏப்ரலில் வாங்கி, அதற்கும் ஹாலந்து என்றே பெயர் வைத்தது. அதன் பிறகு பிரிட்டன் அவருடைய வடிவமைப்பில் ஐந்து படகுகளுக்கு ஆர்டர் கொடுத்தது, அவை ஹாலந்து 1 முதல் 5 வரை. ஆக ஹாலந்து என்று ஒரு ஆள், ஒரு அமெரிக்கப் படகு, ஐந்து பிரிட்டிஷ் படகுகள். இதில் இன்னொரு வம்பு, ஹாலந்து 5-ம் 1912-ல் இழுத்துச் செல்லப்படும்போதுதான் மூழ்கியது, ஹாலந்து 1-ம் 1913-ல் அப்படியேதான் மூழ்கியது. ஒன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் கரைக்கு அப்பால், இன்னொன்று பிளிமத்துக்கு அப்பால். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிட வாய்ப்பு அதிகம் என்பதால், நோட்டின் முதல் பக்கத்திலேயே எண், கட்டிய இடம், மூழ்கிய இடம் மூன்றையும் பெரிதாக எழுதிவிடுங்கள்.

அப்புறம் "முதல்" என்ற சொல். "உலகின் முதல் நீர்மூழ்கி" என்று எழுத கை பரபரக்கும். 1776-லேயே அமெரிக்கர்கள் டர்ட்டில் என்ற ஒற்றை ஆள் மூழ்கியை வைத்துத் தாக்க முயன்றிருக்கிறார்கள். 1864-ல் ஹன்லி என்ற கையால் சுற்றி ஓட்டும் படகு ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்துத் தானும் மூழ்கியது. பிரான்ஸ் 1888-லேயே ஜிம்னோட் என்ற மின்சார நீர்மூழ்கியைத் தண்ணீரில் விட்டுவிட்டது. எனவே "முதல்" என்று எழுதினால் யாருக்கு முதல் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். ஹாலந்து 1 பிரிட்டிஷ் கடற்படைக்கு முதல், அவ்வளவுதான், அதுவே போதுமான பெருமை.

அது எப்படி முழுகி எழுந்தது என்று புரியாமல் எழுத உட்காராதீர்கள்

பையன் இதைப் படித்துப் படித்துக் குழம்பிப்போயிருந்தான். நான் அவனைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு முட்டையும் கல்லுப்பும் எடுத்தேன். விதைநெல் தேர்வு செய்கிறதைப் பார்க்காத பிள்ளை டெல்டாவில் இருக்க முடியாது. வெறும் தண்ணீரில் நல்ல முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க முட்டை மெதுவாக எழுந்து வந்து, தலை ஒரு நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரியும். அப்போது நெல்லைக் கொட்டினால் பதரும் பாதி விளைந்ததும் மிதக்கும், திரட்சியான நெல் அடியில் தங்கும். மிதந்ததை அரித்துத் தள்ளிவிட்டு, தங்கினதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி விதைக்கு எடுத்துக்கொள்வோம்.

இங்கே நாம் தண்ணீரின் கனத்தை மாற்றி முட்டையை எழுப்புகிறோம். நீர்மூழ்கி தன் கனத்தை மாற்றுகிறது. அதன் உள்ளே காலித் தொட்டிகள் இருக்கும், அவற்றில் கடல்தண்ணீரை விட்டால் கனம் ஏறும், காற்றை அழுத்தி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினால் கனம் இறங்கும். ஹாலந்தின் கெட்டிக்காரத்தனம் இதில்தான். அவர் தொட்டியை நிரப்பிப் படகைக் கல் மாதிரி கீழே விடவில்லை. மிதக்கும் சக்தி கொஞ்சமே கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி நிறுத்திவிட்டு, பின்பக்கத் துடுப்புத் தகடுகளைச் சாய்த்து, மோட்டார் வேகத்தில் தலை குப்புற உள்ளே செலுத்தினார். மோட்டார் நின்றுபோனால் படகு தானாக மேலே வரும். உள்ளே இருக்கும் எட்டுப் பேருக்கு அந்தக் கொஞ்சம் மிச்சம் எவ்வளவு பெரிய தைரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பழைய குறிப்புகளில் வரும் பல வரிகள் தானாக விளங்கும். உதாரணமாக ஆற்றுத் தண்ணீரை விடக் கடல்தண்ணீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். முழுகிய நிலையில் 105 டன் உள்ள இந்தப் படகு நல்ல தண்ணீரிலிருந்து கடலுக்குள் போனால், அதே ஆழத்தில் நிற்க ஏறக்குறைய இரண்டரை டன் தண்ணீர் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் படகு ஓட்டுகிறவர்கள், முகத்துவாரம் தாண்டியதும் படகு சற்றே எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பார்கள், அதே கணக்குதான்.

அளவுகளையும் அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிக்காமல் நமக்குத் தெரிந்த அளவோடு வைத்துப் பாருங்கள். நீளம் 63 அடி 10 அங்குலம், அதாவது ஏறத்தாழ 19.5 மீட்டர். நாகையில் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகு இரண்டை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த நீளம். அதற்குள் ஒரு பெட்ரோல் இன்ஜின், மின்மோட்டார், 60 பேட்டரிகள், தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய்க் கப்பலை அடிக்கும் டார்பிடோ என்ற குண்டை விட ஒரே ஒரு குழாய், எட்டு ஆள்.

முழுகியபடியே மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கும் குழாயான பெரிஸ்கோப்பைப் பற்றி ஒரு விஷயம். ஹாலந்து 1-ல் இருந்தது மேலே இருந்து கீழே இறக்கி மடக்குகிற மாதிரியான ஒரு ஆரம்பகாலப் பெரிஸ்கோப். முன்பக்கம் பார்த்தால் காட்சி நேராகத் தெரியும், பக்கவாட்டில் திருப்பினால் காட்சி சாய்ந்து படுத்துவிடும், பின்பக்கம் திருப்பினால் தலைகீழ். படித்தால் நம்ப முடியாது. நாங்கள் இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை அட்டைக் குழாயின் இரண்டு முனையிலும் சாய்த்து ஒட்டி, கீழ்க் கண்ணாடியை அசைக்காமல் மேல் முனையை மட்டும் திருப்பினோம். எதிர்வீட்டுத் தென்னைமரம் முதலில் நேராக நின்றது, கால் சுற்றில் படுத்தது, அரைச் சுற்றில் மட்டை கீழே தூர் மேலே என்று தொங்கியது. பையன் பத்து நிமிடம் அதை விடவே இல்லை.

தேதிகளைப் பிரித்து வையுங்கள்

ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் முக்கியம்? வாசக்கால் வைத்த நாள், மேல்தளம் போட்ட நாள், பால் காய்ச்சிக் குடிபோன நாள். "வீடு எப்போது கட்டினீர்கள்" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள், மூன்றும் சரியாகத்தான் இருக்கும். கப்பலுக்கும் அப்படியே. நம் ஊர்ப் படகு ஆசாரி ஏரா வைப்பதாகச் சொல்வாரே, அந்த அடிமரம் வைத்த நாள் ஒன்று. தண்ணீரில் இறக்கிய நாள் ஒன்று. கடற்படை அதை முறைப்படி பணியில் சேர்த்துக்கொண்ட நாள் ஒன்று. நீர்மூழ்கிக்கு இன்னொரு நாளும் உண்டு, முதல் முதலாக முழுகி எழுந்த நாள்.

ஹாலந்து 1-க்கு இப்படி வருகிறது: 1901 பிப்ரவரி 4-ல் பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரில் விக்கர்ஸ் கட்டுமானத் தளத்தில் ஏரா வைத்தார்கள். 1901 அக்டோபர் 2-ல் தண்ணீரில் இறக்கினார்கள். 1902 மார்ச் 20-ல் ஒரு மூடிய தொட்டித் துறைக்குள் முதல் முழுக்கு. ஏப்ரலில் கடலில் சோதனை. இரண்டு புத்தகம் இரண்டு வருடம் சொல்கிறது என்று பதறுவதற்கு முன்னால், இரண்டும் ஒரே நாளைத்தான் சொல்கிறதா என்று பாருங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தேதி, என்ன நடந்தது, இதை யார் சொல்கிறார்கள், அவருக்கு எப்படித் தெரியும். கடைசிக் கட்டம்தான் உயிர். உள்ளே இருந்தவர் சொன்னாரா, கரையில் நின்றவர் சொன்னாரா, நூறு வருடம் கழித்து எழுதியவர் சொன்னாரா என்பது அங்கேதான் வரும். ஹாலந்து 1 விஷயத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதை ரகசியமாகக் கட்டினார்கள். கட்டிய கொட்டகைக்கு உல்லாசப் படகுக் கொட்டகை என்று பெயர்ப்பலகை, வெளியே செய்து வந்த பாகங்களுக்கு மிதவை எண் 1 என்று அடையாளம். அந்தக் காலத்துத் தளத்துக் கணக்கில் "நீர்மூழ்கி" என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். எந்தப் பெயரில் மறைத்தார்களோ அந்தப் பெயரில் தேட வேண்டும். நிலப் பத்திரம் தேடுகிறவர்களுக்கு இது புதிதில்லை, பினாமி பேரில் இருக்கும் நிலத்தை உரிமையாளர் பேரில் தேடினால் வருமா?

ஆவணம் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி: பிரிட்டிஷ் கடற்படையின் காகிதங்கள் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அதன் பட்டியலை வீட்டில் இருந்தே இலவசமாகத் தேடலாம். கப்பல்களின் அன்றாடப் பதிவேடுகள் ஏடிஎம் (ADM) 53 என்ற வரிசையில் வரும், நீர்மூழ்கிகளின் பதிவேடுகள் ஏடிஎம் (ADM) 173. பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதே ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி.

விபத்தைக் கண்டால் நில்லுங்கள்

1902 செப்டம்பரில் ஹாலந்து 1, முடிந்திருந்த இன்னொரு ஹாலந்து படகோடும் ஹஸார்ட் என்ற துணைக்கப்பலோடும் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்தது. கேப்டன் ரெஜினால்டு பேக்கன் தலைமை. அதுதான் முதல் நீர்மூழ்கிப் பிரிவு. 1903 மார்ச் 3-ல் ஹாலந்து 1-க்குள் ஒரு வெடிப்பு, நான்கு பேருக்குக் காயம்.

பையன் இதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தான். நான் நிறுத்தினேன். பெட்ரோல் இன்ஜினை மூடிய இரும்புக் குழாய்க்குள் வைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். டீசல் மோட்டார் வைத்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறவர்கள் கூட கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்ட மாட்டார்கள், புகை தலையைச் சுற்றும். பெட்ரோல் அதைவிட மோசம், அதன் ஆவி தரையோடு படிந்து நிற்கும், பக்கத்திலேயே பேட்டரியும் மின்மோட்டாரும் பொறி தட்டக் காத்திருக்கும். கெட்ட காற்றைக் கண்டுபிடிக்கக் கூண்டில் வெள்ளை எலிகளை வைத்திருந்தார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். இதை எழுதலாம், ஆனால் "சொல்வார்கள்" என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும், நான்காவது கட்டம் இருப்பது இதற்குத்தான். பிற்பாடு உலகம் முழுக்க நீர்மூழ்கிகள் பெட்ரோலை விட்டு டீசலுக்கு மாறியதற்குக் காரணம் இந்த மாதிரி நாட்கள்தான்.

பக்கத்துப் படகுக்கு நடந்ததையும் விட்டுவிடாதீர்கள். 1904 மார்ச் 18-ல் ஒரு பயிற்சி நடந்தது. ஹாலந்துகளுக்கு அடுத்த தலைமுறைப் படகான ஏ1, ஜூனோ என்ற போர்க்கப்பலைத் தாக்குவது போல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, பெர்விக் காஸில் என்ற பயணிகள் கப்பல் தெரியாமல் அதன் மேல் ஏறிவிட்டது. ஆட்கள் ஏறி இறங்கும் கோபுரம் உடைந்து தண்ணீர் உள்ளே இறங்கி, இருந்த 11 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளில் கோபுரத்தின் அடியிலும் ஒரு மூடி வைத்தார்கள், மேலே உடைந்தாலும் கீழே தண்ணீர் புகாதபடி. ஒரு படகின் வரலாறு எழுதும்போது "அந்த வருடம் இதன் கூட்டாளிகளுக்கு என்ன ஆனது" என்று ஒரு தடவை கேட்டால், உங்கள் படகின் ஆட்கள் என்ன மனநிலையில் அடுத்த நாள் இறங்கியிருப்பார்கள் என்பது புரியும்.

காலண்டர் இரண்டு உண்டு என்பதை மறக்காதீர்கள்

இதற்கு நாகப்பட்டினத்தையே உதாரணமாகச் சொன்னேன். 1746-ல் நாகைக் கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு கடற்போர் நடந்தது. ஒரு புத்தகத்தில் ஜூன் 25 என்று இருக்கும், இன்னொன்றில் ஜூலை 6. இரண்டுமே சரி. பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது, பிரான்ஸ் அதற்கு வெகு முன்பே கிரிகோரியனுக்கு மாறிவிட்டது, இடைவெளி 11 நாள். இதே நாகைக் கடலில் 1782-லும் ஒரு போர் நடந்தது, அதுவும் ஜூலை 6, அப்போது இரண்டு தரப்பும் ஒரே காலண்டர். தேதியை மட்டும் பார்த்து இரண்டு போரையும் ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு, அதனால் வருடத்தை விடவே கூடாது.

ஹாலந்து 1-க்கு இது எங்கே வருகிறது என்றால், அது போருக்கு மிக நெருங்கி வந்த அந்த ஒரே நாளில். 1904-ல் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர். ரஷ்யாவின் பால்டிக் கடற்படை கிழக்கே போகும் வழியில், அக்டோபர் 21 இரவு, வடகடலில் டாகர் பேங்க் என்ற இடத்தில் வலை போட்டிருந்த பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானியப் படகுகள் என்று நினைத்துச் சுட்டது. மீனவர்கள் இறந்தார்கள். இதைப் படித்தபோது பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடலுக்குப் போன ஆள் சுடப்பட்டு வருவது என்றால் என்ன என்று நாகை, காரைக்கால் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரிட்டன் கொதித்தது. அக்டோபர் 24-ல் ஹாலந்து 1 இருந்த பிரிவை அந்த ரஷ்யக் கப்பல்களைத் தாக்க அனுப்பினார்கள், தாக்குவதற்கு முன்பே திரும்ப அழைத்துவிட்டார்கள்.

ரஷ்யா அப்போது இன்னும் பழைய காலண்டரில் இருந்தது, 20-ம் நூற்றாண்டில் இடைவெளி 13 நாள். ரஷ்யக் குறிப்பில் இதே சம்பவம் அக்டோபர் 8 என்று இருந்தால் அது வேறு சம்பவம் இல்லை. நோட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே பழைய காலண்டரா புதியதா என்று ஒரு சின்ன அடையாளம் போட்டுவிடுங்கள்.

விற்ற பிறகும் வரலாறு நிற்காது

பலர் "பணியிலிருந்து நீக்கப்பட்டது" என்ற வரியோடு நோட்டை மூடிவிடுவார்கள். ஹாலந்து 1-க்கு அங்கே இருந்துதான் இன்னொரு வாழ்க்கை தொடங்குகிறது. ஒவ்வொன்றும் 35,000 பவுண்டுக்கு வாங்கிய படகு, 1913-ல் பழைய இரும்பாக 410 பவுண்டுக்குப் போனது. பத்தே வருடத்தில் தொழில்நுட்பம் அவ்வளவு ஓடிவிட்டது, உள்ளே இருந்த சாமான்களைக் கூடக் கழற்றவில்லை, டார்பிடோக் குழாயை மட்டும் வேலை செய்யாதபடி ஆக்கிவிட வேண்டும் என்று வாங்கியவரிடம் நிபந்தனை போட்டார்கள். உடைக்கும் தளத்துக்கு இழுத்துச் செல்லும்போது கடுமையான புயல், எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மூழ்கியது.

1981-ல் கண்டுபிடித்தார்கள், 1982-ல் தூக்கினார்கள். எதையும் கழற்றாமல் விற்ற அலட்சியம், எழுபது வருடம் கழித்துப் பெரிய வரமாகிவிட்டது, ஏனென்றால் உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது.

ஆனால் இரும்புக்குள் உப்பு ஊறியிருந்தது. அரிப்புத் தடுப்பு மருந்து பூசிக் காட்சிக்கு வைத்தார்கள், தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அரிப்பு திரும்பத் தொடங்கிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு வேதாரண்யம், நாகைப் பக்கத்து வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மேலே தண்ணீர் வடிந்த பிறகு நிலம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நட்ட பயிர் கருகியது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரைக் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, உப்பை உள்ளே இருந்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஹாலந்து 1-க்கும் அதே வைத்தியம். படகைச் சுற்றி ஒரு ஃபைபர் தொட்டி கட்டி, சலவை சோடா கரைத்த தண்ணீரில் முழுப் படகையும் ஊறப் போட்டு, ஏறக்குறைய நான்கு ஆண்டு காத்திருந்தார்கள். அதன் பிறகுதான் உப்பு போய்ப் படகு நின்றது. இப்போது கோஸ்போர்ட் ஊரில் நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில், ஈரப்பதம் கட்டுப்படுத்திய தனிக் கட்டடத்தில் இருக்கிறது. இந்த நான்கு ஆண்டையும் நான் பணி வரலாற்றில்தான் சேர்ப்பேன்.

முடிந்தால் ஒன்றின் உள்ளே போய் வாருங்கள்

கோஸ்போர்ட் போக நம்மால் முடியாது. விசாகப்பட்டினம் போக முடியும், சென்னையில் ரயில் மாறினால் போதும். அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா நிற்கிறது. 1969 டிசம்பர் 18-ல் பணியில் சேர்ந்து, 2001 பிப்ரவரி 27-ல் ஓய்வுபெற்று, 2002 முதல் மக்கள் பார்வைக்கு இருக்கிறது. நீளம் 91 மீட்டர் சொச்சம். நான் உள்ளே போனபோது ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வட்டத் துளையில், முதலில் தலையைக் குனிவதா காலைத் தூக்குவதா என்று நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெரியவர், முன்பு கடற்படையில் இருந்தவராம், "கால் முன்னாடி, தம்பி, மேல கம்பியைப் பிடிச்சுக்குங்க" என்றார். படுக்கைகள் டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. எழுதுவதற்கு முன் அந்த இடுக்கில் ஐந்து நிமிடம் நின்றால், 63 அடிப் படகில் எட்டுப் பேர் என்பதன் அர்த்தம் உடம்புக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் படகு வேண்டாம், நம் நாட்டுடையதை எழுதலாம் என்றால் ஐஎன்எஸ் கல்வரியில் தொடங்குங்கள். இந்தியாவின் முதல் நீர்மூழ்கி, 1967 டிசம்பர் 8-ல் அப்போதைய சோவியத் யூனியனின் ரீகா துறைமுகத்தில் பணியில் சேர்ந்தது, அதனால்தான் இன்றும் டிசம்பர் 8 நீர்மூழ்கி நாள். முதல் தலைமை அதிகாரி கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன். 1967-ல் நடந்த அரபு-இஸ்ரேல் போரால் சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1968-ல் இந்தியா வந்து சேர்ந்தது. 1996 மே 31-ல் பணி முடிந்தது. ஏன் அவ்வளவு தூரம் சுற்றினார்கள் என்ற கேள்வியிலிருந்தே ஒரு முழுப் பக்கம் எழுதலாம்.

எழுதியதைக் கடல் தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

பையனின் மூன்று வரி ஒன்பது பக்கம் ஆனது. அதைத் தூக்கிக்கொண்டு நாகை அக்கரைப்பேட்டைக்குப் போனோம், எனக்குத் தெரிந்த விசைப்படகுக்காரர் ஒருவர் வலை பின்னிக்கொண்டே கேட்டார். வெடிப்பு, காலண்டர், சலவை சோடா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இழுத்துப் போகும்போது மூழ்கியது என்ற இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டார்.

"இழுத்த படகு என்னாச்சு தம்பி? நூறு டன்னு கீழ போனா கயிறோட முன்னாடி உள்ளதையும் சேத்துல்ல இழுக்கும்? உள்ள ஆள் இருந்துச்சா?"

பையன் என்னைப் பார்த்தான். நோட்டில் பதில் இருந்தது, எழுதும்போது அது முக்கியம் என்று தோன்றாமல் விட்டிருந்தான். ஹாலந்து 1-க்குள் அப்போது யாரும் இல்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வதை வழியிலேயே கவனித்துவிட்ட இழுவைப் படகின் ஆட்கள் கயிற்றை அவிழ்த்துவிடத் தயாராக இருந்தார்கள், அதனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொன்னதும் "அதை எழுதுப்பா முதல்ல" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி வலையை எடுத்தார். அங்கேயே, கவிழ்த்து வைத்திருந்த ஐஸ் பெட்டி மேல் தாளை வைத்து, பையன் அந்த இரண்டு வரியைச் சேர்த்தான்.